காவ்யா என்கிற மூன்று பேர்

மார்ச் 4, திங்கள்

வேலையில் சேர்ந்துவிட்டேன். சேலம் நாலு ரோட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. ஆறு கணினி, ஒரு தண்ணீர் கேன், ஒரு ஏசி. ஏசிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை, தண்ணீர் சொட்டும். அது எனக்கு.

குமரேசன் சார்தான் முதலாளி. வேலையை இப்படி விளக்கினார்: "ஊருக்குப் புதுசா வந்தவன் நல்ல டாக்டர் யாருன்னு நாலு பேரைக் கேக்கறான். நாலு பேரும் ஒரே ஆளைக் கை காட்டினா அங்கதானே போவான்? கூகுளும் அப்படித்தாம்மா. மத்த தளமெல்லாம் நம்ம கிளையண்டைக் கை காட்டணும். அந்தக் கையை வாங்கிட்டு வர்றதுதான் உன் வேலை."

கை என்றால் லிங்க். தினமும் நாற்பது பேருக்கு மெயில் எழுத வேண்டும். உங்கள் தளத்தில் எங்கள் கட்டுரையைப் போடுங்கள், அதிலிருந்து எங்களுக்கு ஓர் இணைப்புக் கொடுங்கள் என்று.

என் பேரில் இல்லை. "பாவாயின்னு மெயில் வந்தா யாரும்மா திறப்பாங்க? கோச்சுக்காத" என்றார் சார். மெயில் எழுதுகிற எல்லோருக்கும் இங்கே ஒரே பேர், காவ்யா. ஒரே மெயில் பெட்டி. சுபாஷிணி ஒரு காவ்யா, தினகர் ஒரு காவ்யா, நான் மூன்றாவது. மெயிலில் பேருக்குப் பக்கத்தில் வரும் படத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண் சிரிக்கிறாள். யார் என்று கேட்டேன். "நெட்ல எடுத்தது. நம்ம மூணு பேரையும் விட அழகா இருக்கால்ல?" என்றார் தினகர்.

நானும் சிரித்தேன். கோபம் வரவில்லை. கல்லூரியில் மூன்று வருடமும் வருகைப் பதிவின்போது என் பேர் வந்ததும் பின் பெஞ்சில் ஒரு சிரிப்பு எழும். காவ்யாவுக்கு அது கிடையாது.

மார்ச் 7, வியாழன்

எனக்குக் கொடுத்திருக்கும் கிளையண்ட் ஒரு காதுக் கருவி மையம். எண்ணூறு வார்த்தையில் கட்டுரை. 'சேலத்தில் சிறந்த காதுக் கருவி' என்ற சொற்கள் அதில் எட்டு முறை வர வேண்டும். ஆறு முறை வரவழைத்துவிட்டேன். மீதி இரண்டு எங்கே போட்டாலும் துருத்திக்கொண்டு நின்றது.

ஆறே முக்காலுக்கு வீடு. தாரமங்கலம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். அக்கா கொலுசுப் பட்டறையிலிருந்து வந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். விளக்கை ஒரு முறை அணைத்துப் போட்டேன், திரும்பினாள். வேலை எப்படி என்று கையால் கேட்டாள். தட்டச்சு செய்வதுபோல விரல்களை ஆட்டிக் காட்டினேன். எதைப் பற்றி என்று கேட்டாள். சும்மா, ஒரு கடையைப் பற்றி என்று காட்டினேன்.

மார்ச் 19, செவ்வாய்

பதினோரு நாளில் நானூறுக்கு மேல் அனுப்பியாயிற்று. முதல் பதில் இன்று வந்தது.

வத்தலக்குண்டிலிருந்து அமலோற்பவம் என்று ஒரு அக்கா. அவர் நடத்தும் தளத்துக்குப் பேர் 'கேட்குதா'. அவர் மகள் ஜெனிட்டாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அறுவைச் சிகிச்சை செய்து கருவி வைத்து, பேசப் பழக்கி, இப்போது ஒன்பது வயது. அந்த ஒன்பது வருடத்தையும் எழுதி வைத்திருக்கிறார். கைக்குழந்தையை எந்த வயதில் பரிசோதிக்க வேண்டும், எந்த மனுவுக்கு எந்தச் சான்றிதழ், வீட்டில் கரண்டியையும் தட்டையும் வைத்துக் குழந்தைக்கு எப்படி ஓசை பழக்குவது. கூகுளில் 'குழந்தை கூப்பிட்டால் திரும்பவில்லை' என்று போட்டால் முதலில் வருவது அவர் பக்கம்தான். விளம்பரம் ஒன்றுகூட இல்லை.

அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "கடைக்காரங்க நிறையப் பேர் எழுதுறாங்க. நான் யாருக்கும் போடுறது இல்ல. ஆனா நீ என் தளத்தை நெசமா படிச்சிருக்கன்னு தெரியுது, கரண்டியைப் பத்திக் கேட்டிருக்கியே. உனக்கு இதுல என்ன புள்ள?"

அனுப்ப வேண்டிய மாதிரிப் பதில் எங்களிடம் இருக்கிறது. அதை ஒட்டாமல், என் அக்கா ராசாத்திக்கும் காது கேட்காது என்று எழுதிவிட்டேன். எங்களுக்குத் தெரிந்தபோது அவளுக்கு எட்டு வயது என்றும்.

அடியில் 'அன்புடன், காவ்யா'.

மார்ச் 20, புதன்

பதில் இல்லை. ஏழு முறை பார்த்தேன்.

மார்ச் 22, வெள்ளி

நேற்று போன் நம்பர் கேட்டிருந்தார். என் சொந்த நம்பரைக் கொடுத்தேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டார். மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினேன்.

"காவ்யாவா? என்னத்தா இவ்வளவு சின்னக் குரலு. எங்க ஜெனிட்டாவே உன்னை விடச் சத்தமாப் பேசுவா."

"இல்லைங்கக்கா, நான் எப்பவுமே இப்படித்தாங்க."

"எட்டு வயசு வரைக்குமா தெரியாம இருந்துச்சு? வீட்ல ஒருத்தருக்குக்கூடத் தோணலையா?"

"இல்லைங்கக்கா. யாருக்கும் தெரியலைங்க. பிடிவாதக்காரின்னு நினைச்சுட்டோம்."

அப்படித்தான் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. "படிக்காத வீட்ல என்னத்தா செய்வீங்க" என்றார். பிறகு, "இதை அப்படியே ஒரு கடுதாசியா எழுதிக் குடு. என் பக்கத்துல போடுறேன். நான் ஆயிரம் சொல்லலாம். கூடப் பொறந்தவ சொன்னா அதுக்கு வேற பலம்."

அரை மணி நேரம் பேசியிருக்கிறோம். இவ்வளவு நேரம் நான் யாரிடமும் போனில் பேசியதில்லை. டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

என் கடிதம் 'கேட்குதா'வில் வந்துவிட்டது. 'என் அக்கா பிடிவாதக்காரி இல்லை' என்று அமலோற்பவம் அக்காவே தலைப்பு வைத்திருக்கிறார். அப்பா கூப்பிட்டால் ராசாத்தி திரும்பமாட்டாள், அப்பா பெல்ட்டை எடுப்பார், எதற்கு அடி விழுகிறது என்று தெரியாமல் அவள் அவர் முகத்தையே பார்ப்பாள் என்று எழுதியிருந்தேன். ஒன்றிரண்டு எழுதவில்லை. நீளம் அதிகமாகிவிடும்.

சார் படித்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினார். "சும்மா உருக்கிட்டியே! எங்கிருந்தும்மா கற்பனை பண்ற? சரி, இதுல நம்ம லிங்க் எங்க?"

லிங்க் இல்லை என்றேன்.

"லிங்க் இல்லாம எதுக்கு இவ்வளவு அழுகை? அந்தம்மாகிட்டச் சொல்லி உள்ள ஒரு வரி சேர்க்கச் சொல்லு."

மூன்று மணிவரை எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் கேட்டுவிட்டேன். அக்கா பத்து நிமிடத்தில் சேர்த்துவிட்டார். "உன் வேலைக்கு ஒத்தாசைன்னா போட்டுட்டுப் போறேன் புள்ள, இதுக்கா இவ்வளவு தயக்கம்?"

இப்போது அந்தக் கடிதத்தில், அப்பா பெல்ட்டை எடுக்கும் பத்திக்குக் கீழே, 'சேலத்தில் சிறந்த காதுக் கருவி' என்று நீல நிறத்தில் ஒரு வரி இருக்கிறது.

ஏப்ரல் 26, வெள்ளி

கூகுள் தேடலில் கிளையண்ட் பதினெட்டாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்டது. சார் மைசூர்பாகு வாங்கித் தந்தார்.

கடிதத்தின் கீழே அறுபத்திரண்டு பின்னூட்டங்கள். அரூரிலிருந்து ஒருவர்: "என் மகனுக்கு மூன்று வயது. திமிர் என்று நினைத்து நானும் அடித்திருக்கிறேன். இரவெல்லாம் தூங்கவில்லை. நாளைக் காலை கூட்டிப் போகிறேன்."

மைசூர்பாகில் ஒன்றை வீட்டுக்கு, ராசாத்தி அக்காவுக்கு எடுத்துப் போனேன். எதற்கு இனிப்பு என்று கேட்டாள். உனக்குத்தான், நீ சம்பாதித்தது என்று காட்டினேன். புரியவில்லை. தின்றாள்.

மே 14, செவ்வாய்

சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு நான்கு நாள் விடுப்பு. இன்று வந்து மெயில் பெட்டியைத் திறந்தால், அமலோற்பவம் அக்காவுக்குக் காவ்யா நான்கு மெயில் அனுப்பியிருக்கிறாள். ஒரு மெத்தைக் கடை, ஒரு கல்யாண மண்டபம், ஒரு முடி வளரும் எண்ணெய், ஒரு உடனடிக் கடன் ஆப். நான்குக்கும் அக்கா இடம் கொடுத்துவிட்டார்.

கடன் ஆப்புக்கான மெயிலில் இப்படி இருந்தது: "ராசாத்தி அக்காவுக்குத் திடீரென்று ஆபரேஷன் அக்கா. இந்த ஒரு லிங்க் கிடைத்தால்தான் எனக்கு வேலை நிலைக்கும்."

தினகரிடம் போய் நின்றேன். கடலை தின்றுகொண்டிருந்தார்.

"என்ன பாவாயி, முறைக்கிற?"

"ராசாத்தின்னு எழுதியிருக்கீங்க."

"நீதானே எழுதி வெச்சிருந்த கேரக்டர். கதையை விட்ட இடத்துல இருந்து நான் கன்டின்யூ பண்ணேன். நல்லாப் பழக்கி வெச்சிருக்க அந்தம்மாவை, கேட்ட அன்னிக்கே போடுறாங்க."

அது கேரக்டர் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சுபாஷிணி திரும்பிப் பார்த்தாள். ஏசி சொட்டுவது கேட்டது. நாற்காலிக்குத் திரும்பிவிட்டேன். இந்த மாதக் கடைசியில் என்னை நிரந்தரம் செய்வதாக சார் சொல்லியிருக்கிறார்.

மே 15, புதன்

தலைவலி. நாற்பது மெயில்.

ஜூன் 3, திங்கள்

நிரந்தரம் ஆகிவிட்டது. அப்பா அந்த வேலை உத்தரவை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

மத்தியானம் அமலோற்பவம் அக்கா கூப்பிட்டார். நான் எடுக்காமல் விட்டது போன வாரத்தில் மூன்று முறை.

"ஏத்தா, ராசாத்திக்கு எப்படி இருக்கு? ஆபரேஷன் முடிஞ்சுச்சா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம்.

"முடிஞ்சுருச்சுங்கக்கா. பரவாயில்லைங்க."

"நல்லவேளை. ஞாயித்துக்கிழமை பூசையில அவளுக்காக மெழுகுதிரி ஏத்தினோம். ஜெனிட்டாவே அவ வாயால ரா-சா-த்-தின்னு சொல்லி வேண்டிக்கிட்டா. அந்தப் பேரைச் சொல்ல ரெண்டு நாளு பழகுனா பாத்துக்க."

மாடிச் சுவரில் வெயில் கொதித்தது. கையை அதன்மேல் வைத்துக்கொண்டே பேசியிருக்கிறேன். இப்போதுதான் எரிகிறது.

ஜூன் 27, வியாழன்

'கேட்குதா' காணவில்லை. 'குழந்தை கூப்பிட்டால் திரும்பவில்லை' என்று போட்டுப் பத்துப் பக்கம் வரை தள்ளிப் பார்த்தேன். இல்லை. தளம் இருக்கிறது. கூகுள்தான் காட்டவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அமலோற்பவம் அக்கா கூப்பிட்டார். "புள்ள, ஒரு வாரமா ஒருத்தர்கூடப் போன் பண்ணல. தெனம் பத்துப் பேராவது பேசுவாங்க. கூகுள்ல இருந்து இங்கிலீஷ்ல ஏதோ வந்திருக்கு, படிக்கிறேன் கேளு." ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். அவர் பாதி படிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. பிற தளங்களைச் செயற்கையாக உயர்த்த உங்கள் தளத்திலிருந்து இணைப்புக் கொடுத்திருக்கிறீர்கள், அதனால் தடை.

"நான் யாரை உசத்துனேன்?" என்று கேட்டார். "சரி பண்ணிடலாமாத்தா? உனக்குத்தான் இது தெரியுமே."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 28, வெள்ளி

சாரிடம் சொன்னேன். "ஐயையோ. அந்த சைட்டுக்கு அடி விழுந்தா நம்ம கிளையண்ட் மேலயும் தெறிக்கும்மா. உடனே லிஸ்ட்ல ஏத்து."

அப்படி ஒரு பட்டியல் உண்டு. 'கீழ்க்கண்ட தளங்கள் எங்களைக் கை காட்டுவதை நாங்கள் ஏற்கவில்லை, எங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்' என்று கூகுளுக்குச் சொல்லும் கோப்பு. வரிக்கு ஒரு பேர். பெரும்பாலும் சூதாட்டத் தளங்களும் பேர் தெரியாத குப்பைகளும்தான் அதில் இருக்கும்.

"அந்தக்கா தளத்துக்குத் தடை எடுக்க நாம உதவலாங்களா சார்?"

"அது நம்ம கிளையண்டா?"

நாற்பத்தோராவது வரியில் 'கேட்குதா'வைத் தட்டச்சு செய்தேன். ஏழு எட்டு விநாடிகூட ஆகவில்லை.

ஜூலை 5, வெள்ளி

அக்கா குறுஞ்செய்தி: "அரூர்க்காரர் வத்தலக்குண்டு வந்து வீட்டைக் கண்டுபுடிச்சுட்டார் புள்ள. மகனுக்கு என்ன பயிற்சின்னு திரும்பப் பார்க்கணும்னு தேடியிருக்கார், தளம் கிடைக்கலையாம். பஸ் மாறி மாறி வந்திருக்கார். அவர் வந்துட்டார். வராதவங்க எத்தனை பேரோ."

ஜூலை 8, திங்கள்

தடை நீங்க வேண்டுமென்றால் கூகுளுக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். இணைப்புகளை எடுத்துவிட்டோம் என்றால் மட்டும் போதாது. யார் கேட்டார்கள், எப்படி வந்தன என்று உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். உள்ளது எனக்குத்தான் தெரியும்.

நானே கூப்பிட்டேன்.

"அக்கா, என் பேர் காவ்யா இல்லைங்க."

போனுக்குப் பின்னால் ஜெனிட்டா ஏதோ பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

"பெறகு?"

"பாவாயிங்க."

சிரித்துவிட்டார். "அட, இதுக்கா நடுங்குற? நல்ல பேருதானே. எங்கம்மா எனக்கு வெச்ச பேர நீ கேக்கலையே."

அவர் சிரித்ததுதான் தாங்க முடியவில்லை. மிச்சத்தை நிறுத்தாமல் சொல்லிவிட்டேன். மூன்று பேர், ஒரு மெயில் பெட்டி, மெத்தை, மண்டபம், எண்ணெய், கடன் ஆப், தடை நீங்க எழுத வேண்டிய விண்ணப்பம், எல்லாம்.

"அப்ப அந்த ஆபரேஷன்?"

"இல்லைங்கக்கா."

"நான் கேட்டப்ப முடிஞ்சுருச்சுன்னியே. அது அந்தத் தம்பி சொல்லலியே. நீதானே சொன்ன?"

"ஆமாங்கக்கா."

"ராசாத்தின்னு ஒருத்தி இருக்காளா?"

"இருக்காங்கக்கா. சத்தியமா இருக்கா. எங்கக்காதாங்க."

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "நீயே சொல்லு. எனக்கு அது எப்படித் தெரியும்?"

பிறகு, "புள்ளைய வேண்டிக்கச் சொன்னேனே" என்றார். அதை எனக்குச் சொன்ன மாதிரி இல்லை. போனை வைத்துவிட்டார்.

ஜூலை 10, புதன்

மெயில் வந்தது. காவ்யாவுக்கு இல்லை, என் சொந்த முகவரிக்கு. "விண்ணப்பத்தை எழுதி அனுப்பவும்." அவ்வளவுதான். புள்ள இல்லை, ஆத்தா இல்லை.

ஒரு விஷயத்தையும் மறைக்காமல் எழுதினேன். எங்கள் நிறுவனத்தின் பேர், காவ்யா என்ற பேரை யார் யார் பயன்படுத்தினோம், இணைப்பு வைத்த ஐந்து பக்கங்கள். நான்கை நீக்கிவிடலாம், ஐந்தாவதான கடிதத்தில் அந்த நீல வரியை மட்டும் எடுத்தால் போதும், கடிதம் இருக்கலாம் என்று அவருக்குத் தனியாகக் குறிப்பு எழுதினேன்.

பதில்: "ஐந்தும் எடுத்தாயிற்று. இல்லாத ஒருத்தி எழுதிய கடிதம் என் தளத்தில் வேண்டாம்."

போய்ப் பார்த்தேன். பக்கம் இல்லை. கீழே இருந்த பின்னூட்டங்களும் அதோடு போய்விட்டன. விண்ணப்பத்தில் ஐந்தாவது வரியைத் திருத்தினேன்: பக்கம் முழுவதும் நீக்கப்பட்டது.

ஜூலை 29, திங்கள்

தடை நீங்கிவிட்டது. அக்கா சொல்லவில்லை, தினமும் தேடிப் பார்ப்பதால் தெரிந்தது. நான்காவது பக்கத்தில் வருகிறது. மெல்ல மெல்ல ஏறும். நன்றாக எழுதப்பட்ட தளம், ஏறிவிடும்.

அவரைக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது.

அலுவலகத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. புதுக் கிளையண்ட் ஒரு மூட்டுவலித் தைலம். "வயசான அம்மாவைப் பத்தி அந்த மாதிரி ஒண்ணு எழுதேன், உருக்கமா" என்றார் சார். எனக்கு வராது சார் என்றேன். இங்கே வந்து நான் சொன்ன முதல் மறுப்பு. "சரி, சுபாஷிணி பார்த்துப்பா" என்று போய்விட்டார். அவ்வளவு சுலபமாக இருந்தது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

'கேட்குதா' இரண்டாம் பக்கத்துக்கு வந்துவிட்டது.

வீட்டில் யாரும் இல்லாத நேரம். அக்கா மட்டும் வாசலில் தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். அமலோற்பவம் அக்காவின் முதல் கட்டுரையைத் திறந்து கீழே பின்னூட்டப் பெட்டிக்கு வந்தேன். பெயர் கேட்டது: பாவாயி. மின்னஞ்சல் கேட்டது, கொடுத்தேன். உங்கள் இணையதளம் என்று ஒரு கட்டம். ஐந்து மாதமாக நான் வேலை செய்ததே அந்தக் கட்டத்துக்காகத்தான். காலியாக விட்டேன்.

எழுதியது இது:

"எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது என்று உங்களிடம் சொன்னேன். கடிதத்திலும் அப்படித்தான் எழுதினேன். எனக்குத் தெரியும் அக்கா. அப்போது எனக்கு நாலு வயது. ராசாத்தியின் முதுகுக்குப் பின்னால் நின்று கத்துவேன், திரும்பமாட்டாள். தரையில் காலால் உதைத்தால் திரும்புவாள். அதுதான் எங்கள் இரண்டு பேரின் விளையாட்டு. அப்பா என்னிடம் கேட்பார், 'நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டுச்சா இல்லையா?' கேட்டுச்சு என்பேன். அவளுக்கு அடி விழுகிற நாளில் எனக்கு விழாது. யாராவது கேட்டால் ஆமாம் என்றுதான் எனக்கு வாயில் வரும். உங்களிடமும் அதுதான் வந்தது. நீங்கள் எடுத்த கடிதம் பொய்தான் அக்கா. நீங்கள் நினைத்த காரணத்தால் இல்லை."

அனுப்பினேன். மேலே சாய்வெழுத்தில் ஒரு வரி வந்தது: உங்கள் பின்னூட்டம் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.

அவர் ஒப்புக்கொள்ளும்வரை அது என் திரையில் மட்டும்தான் தெரியும். வேறு யார் திறந்தாலும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

முதல் பக்கம், ஆறாவது இடம். புதுக் கட்டுரை ஒன்று போட்டிருக்கிறார். அதற்குக் கீழே இன்று காலை மூன்று பேர் பின்னூட்டம் எழுதி, மூன்றும் உடனே வெளியாகியிருக்கின்றன, அவர் பதிலோடு. ஆக, தினமும் பார்க்கிறார்.

என்னுடையது காத்திருக்கிறது.